திரையில் ஓடும் புகைவண்டி

உலகில் மனிதன் படைத்த பொருள்களுள் சில, தம் பயன் முடிந்தவுடன் மறைந்துவிடுகின்றன. வேறு சில, பயன் முடிந்த பின்னரும் மக்கள் மனத்தில் நிலைத்து வாழ்கின்றன. நீராவியால் இயங்கிய புகைவண்டி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இன்று பள்ளியில் பயிலும் மாணவர் பலர் அதனை நேரிற் கண்டதில்லை. அவர்கள் ஏறிச் செல்வதெல்லாம் மின்சாரத்தாலும் டீசலாலும் இயங்கும் வண்டிகளே. ஆயினும், ஓர் இரயில் வண்டியின் படம் வரைக என்று ஒரு சிறுவனிடம் தாளைக் கொடுத்துப் பாருங்கள். அவன் முதலில் ஒரு புகைபோக்கியை வரைவான். அதன்மேல் சுருள் சுருளாகப் புகையை வரைவான். தான் காணாத புகையை அவன் எவ்வாறு அறிந்தான்? அவனுக்கு அதனைக் காட்டியது பெரும்பாலும் திரைப்படமே.

புகைவண்டியும் திரைப்படமும் நெருங்கிய உறவினர் என்று சொல்லலாம். இரண்டும் சக்கரங்கள் சுழல்வதால் நடப்பவை. இரண்டும் மனிதனைத் தன் ஊரிலிருந்து வேற்றூருக்குக் கொண்டு செல்பவை. ஒன்று உடலைக் கொண்டு செல்கிறது. மற்றொன்று கண்ணையும் கருத்தையும் கொண்டு செல்கிறது. பிரான்சு நாட்டு லூமியேர் உடன்பிறந்தார் எடுத்த முதற் படங்களுள் ஒன்று, ஒரு நிலையத்திற்குள் புகைவண்டி வந்து நிற்கும் காட்சியாகும். ஒரு நிமிடத்திற்கும் குறைவாக ஓடும் அச்சிறு படம், 1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் பம்பாயில் வாட்சன் ஓட்டலில் காட்டப்பட்ட படங்களுள்ளும் இடம்பெற்றது. ஆகவே, இந்திய மண்ணில் திரைப்படம் முதன்முதல் காலடி வைத்த நாளிலேயே புகைவண்டியும் உடன் வந்தது எனலாம்.

நம் தமிழகத்தில் இவ்வுறவு இன்னும் நெருக்கமானது. சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் தென்னிந்திய இரயில்வேயின் திருச்சிராப்பள்ளி அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றினார். 1905ஆம் ஆண்டில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் அவர் விலைக்கு வாங்கினார். மாதச் சம்பளம் தந்த வேலையை விட்டார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கினார். வடக்கே பெஷாவர் வரையிலும் அவர் சென்றார். அவர்தம் கருவியையும் கூடாரத்தையும் சுமந்து சென்றது எது? அவர் எந்தப் பாதைகளின் வரைபடங்களைத் தீட்டிக்கொண்டிருந்தாரோ, அந்த இருப்புப்பாதைகளே.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் தமிழின் முதற் பேசும் படமான 'காளிதாஸ்' சென்னையில் வெளிவந்தது. அது பம்பாயில் எடுக்கப்பட்ட படம். படச்சுருள் அடங்கிய பெட்டி இரயிலில் வந்து இறங்கியபோது, மக்கள் மலர் தூவித் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றி அதனை வரவேற்றனர் என்று திரைப்பட வரலாற்றாசிரியர் கூறுவர். இக்காலத்தில் அதனைக் கேட்போர் நகைக்கலாம். ஆயினும் பேசாத நிழல் தமிழ் பேசத் தொடங்கிய நாள் அது. அந்தப் பேச்சைக் கொணர்ந்தது புகைவண்டி.

செட்டிநாட்டுக்கு இருப்புப்பாதை சற்றுக் காலந்தாழ்த்தே வந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை வரை 1929ஆம் ஆண்டிலும், புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரை வரை 1930ஆம் ஆண்டிலும் மீட்டர் பாதை திறக்கப்பெற்றது. கானாடுகாத்தானை அடுத்து 'செட்டிநாடு' என்ற பெயராலேயே ஒரு நிலையம் எழுந்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வணிகத்தின்பொருட்டும் கூலிவேலையின்பொருட்டும் சென்ற மக்களின் நாடு இது. ஆதலின், இங்குள்ளோர்க்குப் புகைவண்டி நிலையம் என்பது வெறும் கட்டடம் அன்று. பிரிவும் கூடலும் நிகழும் இடம். கண்ணீரோடு வழியனுப்பிய தாய்மார் எத்தனை பேர்! ஊதல் ஒலி கேட்டு ஓடி வந்த பிள்ளைகள் எத்தனை பேர்!

இருப்புப்பாதை வந்த சில ஆண்டுகளுக்குள் திரைப்படத் தொழிலும் இங்கு வந்தது. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், 1940களின் நடுவில் காரைக்குடிக்கு அருகிலுள்ள தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்புக்கூடம் அமைத்தார். அங்கு உருவான 'நாம் இருவர்' 1947ஆம் ஆண்டிலும், 'வேதாள உலகம்' 1948ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. பின்னர் அந்நிறுவனம் சென்னைக் கோடம்பாக்கத்திற்கு இடம் மாறியது. கோடம்பாக்கத்துப் படங்கள் மீண்டும் செட்டிநாட்டுக்கு வந்த வழியும் இருப்புப்பாதையே. தகரப் பெட்டியில் அடைத்த படச்சுருள்கள் இரயிலில் வந்து இறங்கும். மாட்டு வண்டியிலோ மிதிவண்டியிலோ கொட்டகையைச் சென்றடையும். வண்டி தாமதமாயின் ஆட்டமும் தாமதமாகும்.

மெய்யப்பனும் இராம. அரங்கண்ணலும் தயாரித்து, ஏ. பீம்சிங் இயக்கிய படம் 'பச்சை விளக்கு'. அது 1964ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் சிவாஜி கணேசன் இரயில் எஞ்சின் ஓட்டுநராக நடித்தார். பச்சை விளக்கு என்பது பாதை தடையின்றி இருப்பதை ஓட்டுநர்க்கு அறிவிக்கும் அடையாளம். நெருப்பறையின் முன் நின்று, கையை நெம்புகோலில் வைத்து, கண்ணைப் பாதையில் வைத்து அவர் வண்டியைச் செலுத்தும் காட்சிகளைக் கண்டோர் மறவார். ஒரு தொழிலாளி கதைத் தலைவனாக நிற்பதும், அவன் தொழிற்கருவியான எஞ்சின் அவனோடு நிற்பதும் அப்படத்தின் சிறப்பு.

அப்படத்தை நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ப்புறத்து டூரிங் கொட்டகையில் கண்டேன். என் அருகே மணலில் அமர்ந்திருந்தவர் எங்கள் தெருவைச் சேர்ந்த முதியவர் ஒருவர். பல ஆண்டுகள் எஞ்சினில் பயர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். உறவுமுறை இல்லாவிடினும் அவரைப் பெரியப்பா என்றே அழைப்போம். திரையில் எஞ்சின் கரும்புகை கக்கிக்கொண்டு வந்தபோதெல்லாம் நாங்கள் கைதட்டினோம். அவரோ மெல்லச் சிரித்தார். படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அதன் காரணத்தைக் கேட்டேன்.

"தம்பி, கரும்புகை வந்தால் கரி முழுதும் எரியவில்லை என்று பொருள். நல்ல பயர்மேன் அப்படிப் புகைய விடமாட்டான். கரியை ஓரிடத்தில் குவிக்காமல், நெருப்பின்மேல் மெல்லியதாகப் பரப்பிப் போடுவான். படம் பிடிப்பவர்களுக்கு மட்டும் கரும்புகைதான் வேண்டும். அதுதானே கண்ணுக்கு அழகு!" என்றார் அவர்.

"படத்தில் காட்டியதெல்லாம் பொய்யா, பெரியப்பா?" என்று கேட்டேன்.

"பொய் இல்லை, தம்பி. எஞ்சின் மெய், சத்தமும் மெய். ஆனால் அந்தச் சூடு மட்டும் திரைக்கு வராது. முகத்தின் எதிரே தீ, முதுகுக்குப் பின்னால் மழை. அதை எப்படிப் படம் எடுக்க முடியும்?" என்றார்.

அவர் கூறியது எளிய செய்தி. ஆயினும் அதன் ஆழம் எனக்குப் பிற்காலத்திலேயே விளங்கியது. அதனை விளங்கிக்கொள்ள, நீராவி எஞ்சின் இயங்கும் முறையைச் சற்று அறிதல் வேண்டும். நெருப்பறையில் கரி எரிகிறது. அவ்வெப்பம் பல குழாய்களின் வழியே கொதிகலனுள் சென்று நீரை ஆவியாக்குகிறது. நீர் ஆவியாகும்போது, சாதாரணக் காற்றழுத்தத்தில் தன் அளவைப்போல் ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை வேண்டி நிற்கும். அவ்வாறு பரவ இடமின்றிக் கொதிகலனுள் அடைபட்ட ஆவி பெரும் அழுத்தம் கொள்கிறது. அந்த அழுத்தம் உருளைக்குள் இருக்கும் பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. பிஸ்டனோடு இணைந்த தண்டுகள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. வேலை முடித்த ஆவி புகைபோக்கியின் வழியே சீறி வெளியேறுகிறது. வெளியேறும்போது அது வீணே போவதில்லை. நெருப்பறையின் வழியே புதிய காற்றை இழுத்துத் தீயை வளர்த்துவிட்டே போகிறது. எனவே, எஞ்சின் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு தீயும் வளரும். இரண்டு உருளைகள் கொண்ட எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுழலும்போது நான்கு முறை அச்சீற்றம் எழும். நாம் 'குப்குப்' என்று குழந்தைப் பருவத்தில் ஒலித்துக்காட்டிய ஓசை அதுவே.

இதனால் ஓர் உண்மை விளங்கும். டீசல் வண்டியும் மின்சார வண்டியும் தம் உழைப்பை இரும்புப் பெட்டிக்குள் மறைத்துக்கொள்கின்றன. நீராவி எஞ்சினோ தன் உழைப்பை வெளிப்படையாகக் காட்டுகிறது. மேடேறும்போது அது மூச்சு வாங்குகிறது. நிற்கும்போது பெருமூச்சு விடுகிறது. புறப்படும்போது தடுமாறிப் பின் நிமிர்கிறது. படமெடுப்போர் அதனை ஒரு நடிகராகவே கருதியதற்குக் காரணம் இதுவே. சத்தியஜித் ராய் 1955ஆம் ஆண்டில் அளித்த 'பதேர் பாஞ்சாலி'யில், வெண்ணிற நாணற்பூக்களின் ஊடே ஓடிச் சென்று இரு சிறுவர் புகைவண்டியைக் காண்கின்றனர். அதில் வண்டி பேசுவதில்லை. புகையை விட்டுச் செல்வதன்றி வேறொன்றும் செய்வதில்லை. ஆயினும், அச்சிற்றூருக்கு அப்பால் பேருலகம் ஒன்று உண்டு என்பதை அது அறிவித்துவிடுகிறது.

தமிழகத்தில் இத்தகைய நடிப்பில் முதலிடம் பெறத்தக்கவை நீலகிரி மலை இரயிலின் எஞ்சின்களே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899ஆம் ஆண்டிலும், உதகமண்டலம் வரை 1908ஆம் ஆண்டிலும் அப்பாதை திறக்கப்பெற்றது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் உயரத்தில் முடிகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமை. அங்கு இரு தண்டவாளங்களின் நடுவே பல் பதித்த இரும்புச் சட்டங்கள் இரண்டு கிடக்கின்றன. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. இதற்கென 'எக்ஸ்' வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்து நாட்டு விண்டர்தூர் நகரில் செய்யப்பெற்றன. அவற்றில் உருளைகள் நான்கு. இரண்டு, தண்டவாளச் சக்கரங்களை இயக்குவன; மற்ற இரண்டு, பற்சக்கரத்தை இயக்குவன. மலையேறும்போது எஞ்சின் பெட்டிகளை முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

1982ஆம் ஆண்டில் வெளிவந்த பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' இப்பாதையிலுள்ள கேத்தி நிலையத்தில் முடிவடைகிறது. தன்னை மறந்துவிட்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட, அவளைப் பேணிக் காத்தவன் செய்வதறியாது நிற்கும் காட்சி அது. மணிரத்னம் 1998ஆம் ஆண்டில் எடுத்த 'உயிரே' என்னும் படத்தில், அதன் இந்தி வடிவமாகிய 'தில் சே'யில் வருவதுபோலவே, ஓடும் மலை இரயிலின் கூரைமேல் ஆடிப் பாடும் காட்சி உண்டு. ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் 1984ஆம் ஆண்டில் 'எ பாசேஜ் டு இந்தியா' என்னும் படத்தை எடுத்தபோது, கதையில் வரும் கற்பனைக் குகைகளுக்குச் செல்லும் வண்டியாக நம் நீலகிரி வண்டியைக் காட்டினார். ஒரே எஞ்சின் ஒரு படத்தில் துயரத்தையும், வேறொரு படத்தில் களிப்பையும், மற்றொன்றில் வேற்றூரையும் நடித்துக் காட்டுகிறது. தேர்ந்த நடிகர்க்கும் இஃது எளிதன்று.

வடநாட்டில் இவ்வாறு புகழ்பெற்றது 'அக்பர்' என்னும் அகலப் பாதை எஞ்சின். 1965ஆம் ஆண்டில் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் செய்யப்பெற்ற அது, அரியானா மாநிலத்து ரேவாரிக் கொட்டடியில் பேணப்படுகிறது. 2013ஆம் ஆண்டின் 'பாக் மில்கா பாக்', 2016ஆம் ஆண்டின் 'சுல்தான்' முதலிய படங்களில் அது தோன்றியுள்ளது. இந்தியாவின் அகலப் பாதையில் நீராவி வண்டிகளின் வழக்கமான ஓட்டம் 1995ஆம் ஆண்டு டிசம்பரில் முடிவுற்றது. அதன் உடன்பிறப்புகள் பல பழைய இரும்பாக உடைக்கப்பட்டு உருகிப்போயின.

எல்லா எஞ்சின்களுக்கும் திரைப்படம் வாழ்வளித்தது என்று கூறவும் இயலாது. 1926ஆம் ஆண்டில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் 'தி ஜெனரல்' என்னும் பேசாப் படத்திற்காக, எரியும் பாலத்திலிருந்து ஓர் உண்மை எஞ்சினை ஆற்றில் வீழ்த்தினார். அது பல ஆண்டுகள் ஆற்றிலேயே கிடந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய இரும்பாக எடுத்துச் செல்லப்பட்டது. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் படத்திற்காக, மேற்கூறிய டேவிட் லீன் இலங்கையில் கித்துல்கல என்னுமிடத்தில் களனி ஆற்றின்மேல் மரப்பாலம் கட்டி, அதனை ஒரு நீராவி இரயிலோடு வெடிவைத்துத் தகர்த்தார்.

இப்படத்தைப்பற்றி எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் வேறொன்றை எண்ணும். கதையில் வரும் அப்பாதை, போர்க்காலத்தில் சயாமையும் பர்மாவையும் இணைக்க சப்பானியர் அமைத்த பாதையாகும். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அதனை 1942, 1943ஆம் ஆண்டுகளில் காட்டையும் மலையையும் வெட்டி அமைத்தனர். படம் வெள்ளையர் போர்க்கைதிகளின் கதையைச் சொல்கிறது. அவர்கள் பட்ட துன்பமும் மெய்யே. ஆயினும், மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழரும் அப்பாதையில் உழைத்தனர். காலராவாலும் பசியாலும் அடியாலும் அவர்களுள் எண்ணற்றோர் மடிந்தனர். மலேயாத் தமிழர் அதனைச் 'சயாம் மரண இரயில்' என்றே வழங்குவர். தமிழகத்து ஊர்களிலிருந்து கப்பலேறிய குடும்பங்களின் மக்கள் அவர்கள். உலகமெங்கும் கைதட்டல் பெற்ற அந்தத் திரையில் அவர்களுக்கு இடமில்லை. அங்கே பாலம் தெரிகிறது, புகைவண்டி தெரிகிறது, பாதைக்குக் கல் சுமந்த தமிழன் தெரியவில்லை.

பயர்மேன் பெரியப்பா கூறிய சொல்லின் பொருள் அப்போது எனக்கு முழுதும் விளங்கியது. சூடு திரைக்கு வராது என்றார் அவர். சூடு மட்டுமோ வராமற்போவது? கரி அள்ளிய கையும், கல் சுமந்த தோளும், இரவெல்லாம் விளக்கேந்திப் பாதை காத்தவனின் விழிப்பும் எளிதில் திரைக்கு வருவதில்லை. கண்ணுக்கு அழகான கரும்புகை வந்துவிடுகிறது; அதனைக் குறைக்கக் கற்ற கைத்திறன் மறைந்துவிடுகிறது.

இதனால் திரைப்படத்தைப் பழிக்க வேண்டுவதில்லை. அது காத்துத் தந்தது மிகுதி. செட்டிநாட்டு மீட்டர் பாதை இன்று இல்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அஃது அகலப் பாதையாயிற்று. அப்பழைய காலத்தின் ஓட்டத்தையும் ஓசையையும் இன்று ஒருவன் காண விரும்பினால், பழைய படங்களையே நாட வேண்டும். ஆனால் படங்களும் அழியாதன அல்ல. மலர் தூவி வரவேற்ற 'காளிதாஸ்' படத்தின் ஒரு படிகூட இன்று எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. எஞ்சினைத் துரு தின்கிறது. படச்சுருளைக் காலம் தின்கிறது. பேணுவார் இன்றி எதுவும் தானே வாழ்வதில்லை.

பேணுவார் இருப்பின் எதுவும் மீளும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்யப்பெற்று, நெடுங்காலம் ஓடாமல் காட்சிப்பொருளாக நின்ற 'ஈ.ஐ.ஆர். 21' என்னும் எஞ்சினைச் சென்னைப் பெரம்பூர்த் தொழிலாளர் 2010ஆம் ஆண்டில் மீண்டும் ஓட வைத்தனர். திருச்சிராப்பள்ளிப் பொன்மலைத் தொழிற்சாலை நீலகிரிப் பாதைக்கென 'எக்ஸ்' வகை எஞ்சின்களைப் புதிதாகவே செய்து தந்துள்ளது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பொருளைத் தமிழ்த் தொழிலாளர் தம் கையால் மீண்டும் படைத்தனர். எஞ்சினைக் காப்பது இரும்பைக் காப்பது மட்டும் அன்று. அதனைச் செய்யவும் செலுத்தவும் அறிந்த அறிவைக் காப்பதும் ஆகும்.

இளைஞர்களே, திரையில் புகைவண்டியைக் காணும்போது கண்டு மகிழுங்கள், கைதட்டுங்கள். அதன்பின், உங்கள் ஊரில் இருப்புப்பாதையில் உழைத்து ஓய்ந்த முதியவர் எவரேனும் இருப்பின் அவரிடம் செல்லுங்கள். அவர் எந்த எஞ்சினில் பணி செய்தார், எப்பொழுது உண்டார், எவ்வாறு உறங்கினார் என்று கேளுங்கள். அவர் கூறுவதை ஏட்டில் எழுதி வையுங்கள். படமெடுப்போர் புகையைக் காத்துத் தந்தனர். அப்புகைக்குக் கீழே எரிந்த தீயையும், அத்தீயின் முன் நின்ற மனிதனையும் காத்துத் தருவது எழுத்தறிந்த ஒவ்வொருவர்க்கும் உரிய கடமை.